திடீர் சாம்பார்

கேள்வி: யூகோஸ்லாவியாவில் 45 ஆண்டுகள் அண்ணன் தம்பியாகப் பழகியவர்களிடையே 1991-இல் திடீரென்று போர் மூண்டதற்கு, உள்ளே புகைந்துகொண்டிருந்த பழம்பகைதானே காரணம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: 'திடீர்' என்றாலே எனக்கு மளிகைக் கடைதான் ஞாபகம் வருகிறது. திடீர் சாம்பார், திடீர் ரசம், திடீர் புளியோதரை. பொட்டலத்தைப் பிரித்துக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் சாம்பார். சாப்பிடுகிறவருக்குத்தான் அது திடீர். எங்கோ ஒருவர் பருப்பை வறுத்து, மிளகாயை அரைத்து, பெருங்காயத்தை அளந்து போட்டு, தேதி குத்தி லாரியில் ஏற்றியிருக்கிறார். இதை வீட்டில் ஒருமுறை விளக்கினேன். "அப்படியானால் நாளை முதல் நீங்களே வறுத்து அரையுங்கள்" என்று பதில் வந்தது. வாரம் இரண்டு நாள் வறுக்கிறேன். தீய்ந்துபோகிறது.

செர்பியா, குரோஷியா, போஸ்னியா உள்ளிட்ட ஆறு குடியரசுகள் சேர்ந்த கூட்டமைப்பு யூகோஸ்லாவியா. நீங்கள் சொல்லும் அந்தப் பொட்டலத்திலும் தேதி இருக்கிறது. 1986-இல் செர்பிய அறிவியல் கலைக் கழகத்து அறிஞர்கள், செர்பியர்கள் வஞ்சிக்கப்படுகிறார்கள் என்று எழுதிய வரைவு பத்திரிகைக்குக் கசிந்தது. அடுத்த ஆண்டு, அன்று அல்பேனியர் பெரும்பான்மையாக இருந்த செர்பிய மாகாணமான கொசோவோவில், செர்பியக் கம்யூனிஸ்ட் தலைவர் மிலோஷெவிச், உங்களை எவரும் அடிக்கக் கூடாது என்று செர்பியக் கூட்டத்திடம் சொன்னதை தலைநகர் பெல்கிரேடின் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. 1389-இல் கொசோவோவில் செர்பியர் துருக்கியரோடு மோதிய போரின் 600-ஆம் ஆண்டு விழா 1989 ஜூன் 28 அன்று. ஆறு நூற்றாண்டு ஆறிப்போன குழம்பைச் சூடாக்கிப் பரிமாறினார்கள். குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப் மட்டும் சும்மா இருந்ததா? குரோஷிய அதிபர் துஜ்மான் ஆட்சியின் 1990 அரசமைப்பு, குரோஷியாவிலிருந்த செர்பியர்களைச் சிறுபான்மையினர் பட்டியலில் இறக்கியது. விலைவாசியோ 1989-இல் ஆயிரம் சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அடுப்பு தயார்.

1991 ஆகஸ்டில், வடமேற்கு போஸ்னியாவின் கொசாரா மலையிலிருந்த ஒளிபரப்புக் கோபுரத்தை ஆயுதம் தாங்கிய செர்பியக் குழு பிடித்தது. அடிவாரத்திலிருக்கும் பிரியெதோர் நகரவாசிகளின் திரையில் போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் தொலைக்காட்சி போய் பெல்கிரேடு வந்தது. பத்து மாதம் அதைப் பார்த்தார்கள். 1992 மே 31 அன்று ஊரைக் கைப்பற்றியிருந்த செர்பிய அதிகாரிகளிடமிருந்து வானொலியில் ஓர் உத்தரவு: செர்பியர் அல்லாதவர்கள் வீட்டில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், வெளியே வந்தால் கையில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும். பலரை ஒமார்ஸ்கா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

பழம்பகை என்கிறீர்களே, தலைமுறை தலைமுறையாகப் பகைத்தவனுக்கு எதிரியின் வீடு எதுவென்று தெரியாதா? படுக்கை விரிப்பைக் கிழித்து மாட்டி அடையாளம் காட்டச் சொல்லுவானேன்? அந்தத் தெருவில் யார் யார் எந்த இனம் என்பது துணி தொங்கும்வரை வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். 'பழம்பகை' என்ற சொல் சௌகரியமாக இருந்தது தலையிட விரும்பாத மேற்கத்திய அமைச்சர்களுக்கு. 1995-க்குள் போஸ்னியாவில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் செத்துப்போனார்கள்.

அடுத்து, உங்கள் 'மூண்டது'. நான் உதவி ஆசிரியனாக இருந்தபோது, 'கலவரத்தை மூட்டினார்கள்' என்று எழுதினால் எங்கள் செய்தி ஆசிரியர் 'கலவரம் மூண்டது' என்று திருத்துவார். மூட்டியவன் பெயரைப் போட்டால் வழக்கு வருமாம். மூண்டது, வெடித்தது, பரவியது என்று பஞ்சாங்கத்தில் மழை போடுகிற மாதிரியே செய்தி போட்டோம். ஓய்வு பெற்றபிறகும் மனிதர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என் ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்புகிறார். ஐயா, மூட்டினார்கள், மூட்டினார்கள், மூட்டினார்கள். 'க்' எதுவும் விட்டுப்போகவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

'புகைந்துகொண்டிருந்த' என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாடு உடைந்ததும் செர்போ-குரோஷியன் என்ற ஒரே மொழிக்கு செர்பியன், குரோஷியன், போஸ்னியன் என்று பெயர்கள் பெருகிவிட்டன. காப்பியை செர்பியர் கஃபா என்பார், குரோஷியர் கவா என்பார், போஸ்னிய முஸ்லிம்களான போஸ்னியாக்கர் கஹ்வா என்று நடுவில் ஒரு ஹகரம் சேர்ப்பார். போஸ்னியாவின் சிகரெட் பெட்டியில் 'புகைத்தல் கொல்லும்' என்று மூன்று மொழிகளிலும் அச்சிட்டார்கள். முதல் இரண்டு வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மூன்றாவதும் அதே சொற்கள்தான், செர்பியர்களின் சிரில்லிக் எழுத்தில். அந்தப் பெட்டிக்கு மெய்ப்புத் திருத்தியவரின் வேலையை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.