இரவல் கொடுத்த ஓட்டு

அன்புள்ள ஐயா,

நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். என் தாத்தாவின் தம்பி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அவர் வீட்டுக் கூடத்தில் இன்றும், பிரெஞ்சு அதிபராக இருந்த சோஷலிஸ்ட் மித்தரானின் படம் மாட்டியிருக்கிறது. அவ்வளவு சோஷலிஸ்ட். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, பிரெஞ்சு அதிபர் தேர்தலில் 2002-இல் வலதுசாரி ஷிராக்குக்கும், 2017-லும் 2022-லும் நடுநிலைக்காரர் மக்ரோனுக்கும் ஓட்டுப் போட்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். என் அப்பா இங்கே ஒரு கட்சியில் முப்பது வருஷமாக இருப்பவர். "படத்த மாட்டி வெச்சுட்டு எதிராளிக்குக் குத்தினா அதுக்குப் பேரு கட்சித் தாவல்தான்" என்று சொல்லிவிட்டார். சின்னத் தாத்தா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர், இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. 2027-இல் யார் பெயரும் இல்லாத வெற்றுச் சீட்டுதான் போடுவேன் என்கிறாராம். அப்பா சொல்வது சரியா?

ப., முத்தியால்பேட்டை

அன்புள்ள ப.,

அப்பாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. புதுச்சேரியில் இருப்பவருக்குக் கட்சி மாறுவது என்றாலே ஒரு அர்த்தம்தான். 2021 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்து, தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது ஆட்சி கவிழ்ந்தது. அதைப் பார்த்த கண்ணோடு அவர் உங்கள் சின்னத் தாத்தாவையும் பார்க்கிறார். ஆனால் அந்தப் பெரியவர் செய்தது வேறு காரியம். அந்தத் தேர்தல் எப்படி நடக்கிறது என்று அப்பாவுக்கு யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் பேச்சு அவ்வளவு தூரம் போயிருக்காது.

பிரான்சில் அதிபர் தேர்தல் இரண்டு சுற்று. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேர் மட்டும் இரண்டு வாரம் கழித்து மோதுவார்கள். முதல் சுற்றில் தேர்ந்தெடு, இரண்டாவதில் கழித்துக்கட்டு என்று அங்கே ஒரு வழக்கே உண்டு. உங்கள் ஆள் மூன்றாவதாக வந்துவிட்டால், இரண்டாம் சுற்றில் உங்கள் கட்சியே சீட்டில் இருக்காது. தாவுவதற்கு முன்னாலேயே நிற்கும் இடம் போய்விடுகிறது.

2002-இல் நடந்தது அதுதான். ஏப்ரல் 21 முதல் சுற்றில் 16 பேர் நின்றார்கள். இடதுசாரி ஓட்டு பல பேருக்குச் சிதறியது. ஷிராக்குக்கு 19.88 சதவீதம், தீவிர வலதுசாரி ழான் மரி லெ பென்னுக்கு 16.86, சோஷலிஸ்ட் பிரதமர் ழோஸ்பனுக்கு 16.18. இரண்டு லட்சத்துக்கும் குறைவான ஓட்டில் ழோஸ்பன் வெளியே போனார். 1988-இல் மித்தரானை எதிர்த்து நின்றவர் இதே ஷிராக். அன்றைக்கு அவரைத் தோற்கடிக்க ஓட்டுப் போட்டவர்கள், பதினாலு வருஷம் கழித்து அவர் பெயர் போட்ட சீட்டைக் கையில் எடுக்க வேண்டி வந்தது. மூக்கில் துணி கிளிப் மாட்டிக்கொண்டு போய்ப் போடுவோம் என்றுகூட அங்கே பேசிக்கொண்டார்கள். ஆனாலும் போனார்கள். மே 5-ஆம் தேதி ஷிராக்குக்கு விழுந்தது 82.21 சதவீதம். சின்னத் தாத்தாவின் ஓட்டும் அதில் ஒன்று.

2022 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்து வீட்டிலும் ஒரு சொல்தா உண்டு. முழங்கால் வலி. ஸ்கூட்டரில் உட்கார வைத்து, துணைத் தூதரகத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வெளியே நிழலில் காத்திருந்தேன். அங்கே நம் ஊர் போலப் பொத்தான் கிடையாது, விரலில் மையும் கிடையாது. ஆளுக்கு ஒரு பெயர் அச்சடித்த சீட்டுகள் அடுக்கி வைத்திருக்கும். யாருக்குப் போடப்போகிறோம் என்று வெளியே தெரியக் கூடாது என்பதால் இரண்டையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போக வேண்டும். ஒன்றை உறைக்குள் வைத்துக் கண்ணாடி போன்ற பெட்டியில் போட்டால், 'ஆ வொத்தே' என்று உரக்கச் சொல்வார்கள். வாக்களித்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் பதிவேட்டில் கையெழுத்து. மீதிச் சீட்டு நம் கையில் நின்றுவிடும்.

வெளியே வந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்து என்னிடம் பிரித்துக் காட்டினார். மரின் லெ பென் என்று இருந்தது. பழைய லெ பென்னின் மகள், 2017-லும் 2022-லும் இரண்டாம் சுற்றில் மக்ரோனை எதிர்த்து நின்றவர். "நான் அந்த ஆளுக்கு ஒண்ணும் போடலப்பா. இந்தச் சீட்டைப் போடல, அவ்வளவுதான்" என்றார். மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை கை அந்தப் பையை விட்டு எடுபடவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாறி ஓட்டுப் போடுவது உண்டு. அங்கே போடுவது நாம் இல்லை, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். புதுச்சேரி எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 16, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176. கொறடா உத்தரவு கிடையாது, வாக்கும் ரகசியம். 1969-இல் காங்கிரஸ் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. ஆனால் மனசாட்சிப்படி போடுங்கள் என்றார் இந்திரா காந்தி. இரண்டாம் விருப்ப ஓட்டும் எண்ணி முடித்தபோது சுயேச்சையாக நின்ற வி.வி. கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. சில மாதத்தில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. யார் யார் மாறினார்கள் என்று முழுக் கணக்கு யாரிடமும் இல்லை. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ரகசியம் சாதாரண வாக்காளருக்கு வேண்டிய பாதுகாப்பு. தலைவர் என்று இருப்பவர் மாறினால் ஊரறியச் சொல்லிவிட்டு மாற வேண்டும்.

பிரான்சுவா பைரூ அப்படிச் செய்தார். நடுநிலைக் கட்சிக்காரர், வலதுசாரிகளோடு பழைய கூட்டாளி. 2012-இல் இரண்டாம் சுற்றுக்கு மூன்று நாள் முன்னால், என் ஓட்டு சோஷலிஸ்ட் ஒல்லாந்துக்கு என்று அறிவித்தார். அடுத்த மாதமே நாடாளுமன்றத் தேர்தல். வலதுசாரிகளும் அவரை எதிர்த்து ஆள் நிறுத்தினார்கள், சோஷலிஸ்டுகளும் நிறுத்தினார்கள். தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அவருடைய அரசியலில் எனக்கு ஒப்புதல் கிடையாது. பதவி வரும் என்று மாறுகிறவனையும் பதவி போகும் என்று தெரிந்தே மாறுகிறவனையும் ஒரே வார்த்தையில் அடைப்பது நியாயம் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சரி, சின்னத் தாத்தாவின் வெற்றுச் சீட்டுக்கு வருகிறேன். என் மனதை அறுப்பது அதுதான்.

அவர் ஓட்டைக் கொடுத்துவிடவில்லை, இரவல் கொடுத்தார். கல்யாண வீட்டுக்கு நகை இரவல் கொடுப்பது போல. வாங்கினவர் அதை அடகுக் கடையில் வைத்துவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கு யார் கொடுப்பார்கள்? ஷிராக் 82 சதவீதம் வாங்கிய பிறகு தன் அணியை மட்டும் வைத்து ஆட்சி அமைத்தார். மக்ரோனாவது 2022 வெற்றி இரவில், என் கருத்துக்காக இல்லாமல் தீவிர வலதைத் தடுப்பதற்காக எனக்குப் போட்டவர்கள் பலர், அந்த ஓட்டுக்கு நான் கடமைப்பட்டவன் என்று வாய்விட்டுச் சொன்னார். அடுத்த மார்ச்சிலேயே ஓய்வு வயதை 62-இலிருந்து 64 ஆக்கும் சட்டத்தை, நாடாளுமன்றத்தின் கீழவையில் கடைசி வாக்கெடுப்பு இல்லாமல், அரசியல் சாசனத்தின் 49.3 பிரிவை வைத்து நிறைவேற்றியது அவர் அரசு. தெருவில் இறங்கிய தொழிலாளிகளில் அவருக்கு இரவல் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். சட்டப்படி அது செல்லும். கொடுத்த வாக்குப்படி அது செல்லாது என்பதுதான் என் எண்ணம்.

விளைவு எண்ணிக்கையிலேயே தெரிகிறது. லெ பென் குடும்பத்துக்கு எதிராக விழுந்தது 2002-இல் 82, 2017-இல் 66, 2022-இல் 58.5 சதவீதம். 2017 இரண்டாம் சுற்றில் வெற்றுச் சீட்டும் செல்லாத சீட்டும் சேர்த்து 40 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பல, சின்னத் தாத்தாவைப் போல அலுத்துப் போனவர்களுடையதாக இருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாங்கிக்கொண்டு மறந்தவர்கள் மேல் வருகிறது. ஆனாலும் அவர் வெற்றுச் சீட்டு போட வேண்டாம் என்றுதான் ஆசைப்படுகிறேன். எதிரே நிற்பது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் மூன்று முறையும் போனார்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். மூன்று தேர்தலிலும் அந்தப் பெரியவருக்கு ஒரு பதவியோ ஒரு ரூபாயோ கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள். வருகிற ஞாயிறு சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட அப்பாவே நேரில் போகட்டும். போனால், அந்தக் கூடத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, 2002 மே மாதம் அந்தச் சீட்டை எடுக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்கச் சொல்லுங்கள்.