பூனைக்குட்டிகளுக்கு எந்த லிட்டர் நல்லது?

கேள்வி: எட்டு வாரமான இரண்டு பூனைக்குட்டிகளை எடுத்து வந்து பத்து நாள் ஆகிறது. வீட்டுக்குள்ளேயேதான் வளர்க்கிறோம். பூனைகள் மலமும் சிறுநீரும் கழிப்பதற்காகத் தட்டில் பரப்பி வைக்கும் லிட்டரில் (litter), ஈரம் பட்டால் கட்டியாகும் வகையை, லாவெண்டர் மணம் சேர்த்ததாக வாங்கினேன். ஒரு குட்டி அதை நக்கிக்கொண்டே இருக்கிறது. நேற்று மென்று விழுங்கியதையும் பார்த்தேன். இன்னொன்று தட்டுப் பக்கமே போகாமல் கதவோரத்தில் சிறுநீர் கழிக்கிறது. வாடையும் குறையவில்லை. மகனுக்கு வீசிங் தொந்தரவு உண்டு என்பதால் தூசியை நினைத்தாலும் கவலை. குட்டிகளுக்கு ஆபத்தில்லாத, நாற்றம் பரவாத லிட்டர் எது?

பதில்: அந்த லிட்டரை இன்றே தட்டிலிருந்து கொட்டிவிடுங்கள். மணம் சேர்க்காததாக இருந்தால், குட்டிகள் வளர்ந்த பிறகு பயன்படும், எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருப்பேன். இது பிறகும் வேண்டாம். அதற்குப் பதிலாகக் காகிதத்தைக் கூழாக்கி உருண்டைகளாகச் செய்த லிட்டரைப் போடுங்கள். குட்டிகளுக்கு நான்கு மாதம் ஆகும்வரை அதுவே போதும்.

கட்டியாகும் லிட்டரில் பெரும்பாலும் இருப்பது சோடியம் பென்டோனைட் என்ற களிமண். ஈரத்தை இழுத்துப் பல மடங்கு உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவது அதன் இயல்பு. தட்டில் அள்ளுவதற்கு வசதியாக இருக்கும் அதே குணம் வயிற்றுக்குள் போனாலும் மாறாது. வளர்ந்த பூனை லிட்டரைத் தின்பது அரிது. குட்டி அப்படி இல்லை. தவழும் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைப்பதைப்போல, எட்டு வாரக் குட்டியும் புதிதாகப் பார்ப்பதை மென்றுதான் தெரிந்துகொள்கிறது. பாதத்தில் ஒட்டியதையும் நக்கி விழுங்கிவிடும். குடல் அடைப்பு அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் ஒரு கிலோ எடைகூட எட்டாத உடம்பில், நூல் போன்ற குடலில், அப்படி ஒன்று நடந்தால் அறுவைச் சிகிச்சைதான் வழி. குடல் அடைபடாவிட்டாலும் தொல்லை உண்டு: பென்டோனைட் லிட்டரைத் தொடர்ந்து தின்ற ஒரு பூனைக்குப் பொட்டாசியம் குறைந்து, ரத்தசோகையும் தசைத் தளர்ச்சியும் வந்ததைப் பற்றி 1996-இல் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் குறிப்பு வெளியானது.

நேற்று விழுங்கிய குட்டியை இரண்டு மூன்று நாள் கண்காணியுங்கள். சாப்பிட்டு, விளையாடி, வழக்கம்போல மலம் கழித்தால் பயப்பட ஒன்றுமில்லை. வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, வயிறு உப்புவது, முக்கியும் மலம் வராதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். வீட்டு வைத்தியமாக எண்ணெய் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

இரண்டாவது குட்டி ஏன் கதவோரம் போகிறது? அந்த லாவெண்டர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பூனையின் மோப்பம் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது. நமக்கு மெல்லிய மணமாகத் தெரிவது, அந்தத் தட்டில் மூக்கை நுழைத்துத் தோண்டும் குட்டிக்கு முகத்தில் அறைவதுபோல இருக்கும். மணம் சேர்த்த லிட்டர் நம் மூக்குக்காகச் செய்யப்படுவது. அது நாற்றத்தை நீக்குவதும் இல்லை. அதன்மேல் இன்னொரு வாசத்தைப் போர்த்துகிறது. அதனால் பையில் ‘மணம் சேர்க்காதது’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நறுமண எண்ணெய் டிஃப்யூசரை வைப்பது, தட்டருகே நாப்தலீன் உருண்டை போடுவது இரண்டும் கூடவே கூடாது. பூனையின் கல்லீரலால், நறுமண எண்ணெய்கள் சிலவற்றில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களைச் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. மனிதருக்கும் நாய்க்கும் இருக்கும் ஒரு நொதி பூனைக்கு வேலை செய்வதில்லை. தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகக் கலங்கும் பீனால் கலந்த கிருமிநாசினியைத் தட்டுக் கழுவப் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனால்தான்.

காகித உருண்டையை நான் முதலில் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. தூசி மிகக் குறைவு, பாதத்துக்கு மென்மை, கொஞ்சம் விழுங்கினாலும் கரைந்து வெளியே வந்துவிடும். அறுவைச் சிகிச்சை முடிந்த பூனைகளுக்கும் இதைத்தான் போடச் சொல்வோம். உங்கள் மகனுக்கும் இதுதான் ஏற்றது. குறை ஒன்று உண்டு: சிறுநீரை உறிஞ்சுமே தவிர வாடையை அதிக நேரம் பிடித்து வைக்காது. அந்தக் குறையை நாம் கையால் ஈடுகட்ட வேண்டும்; அதைப் பிறகு சொல்கிறேன்.

பைன் மரத்தூள் உருண்டை வாடையை இதைவிட நன்றாக அடக்கும். சூளையில் உலர்த்தப்பட்டதாகவும் விலங்குகளுக்கென்றே செய்ததாகவும் இருக்க வேண்டும்; உலர்த்தாத பைனிலும் தேவதாருவிலும் மேலே சொன்ன பீனால்கள் இருக்கும். அடுப்பெரிக்க விற்கும் உருண்டை பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அதை வாங்காதீர்கள். கடினமான உருண்டைமேல் நிற்கச் சில குட்டிகள் தயங்கும் என்பதால், முதலில் காகிதத்தோடு கொஞ்சம் கலந்து பாருங்கள்.

டோஃபு லிட்டரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சோயாச் சக்கையில் செய்வது, தூசி குறைவு, வளர்ந்த பூனைக்கு நல்லதுதான். ஆனால் சோளம், கோதுமை, சோயா எல்லாமே குட்டிக்குத் தீனி வாசம் அடிக்கும். தின்ன ஆரம்பித்த குட்டி உள்ள வீட்டில் அது வேண்டாம். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் பூஞ்சையும் பிடிக்கும். சிலிக்கா படிகம் வாடையை நன்றாகவே இழுக்கும் என்றாலும் குட்டியின் பிஞ்சுப் பாதத்தை உறுத்தும். வெளியிலிருந்து அள்ளி வரும் மண்ணோ மணலோ வேண்டாம். வேறு பூனைகளின் புழு முட்டைகள் அதோடு வீட்டுக்குள் வந்துவிடும்.

இப்போது நாற்றத்துக்கு வருவோம். பூனையின் சிறுநீர் வெளியேறும்போது அவ்வளவு கடுமையாக நாறுவதில்லை. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. மூக்கைக் குத்தும் வாடை அதுதான். பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்தது வீட்டுப் பூனை. தண்ணீரைச் சிக்கனப்படுத்திச் சிறுநீரைக் கெட்டியாக வெளியேற்றும் உடம்பு அதற்கு. எனவே கொஞ்சம் தேங்கினாலே வாடை பலமாக இருக்கும். பாக்டீரியாவுக்கு நேரம் கொடுக்காமல் அள்ளிவிட்டால் அம்மோனியா உருவாகவே வழியில்லை. எந்த லிட்டர் வாங்கினாலும் இந்த வேலையிலிருந்து தப்ப முடியாது. காலையும் மாலையும் மலத்தை அள்ளுங்கள். காகித உருண்டை கட்டியாகாது என்பதால், நனைந்து கருத்த பகுதியை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இரண்டு குட்டிகளுக்கு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போது வெந்நீரும் மணமில்லாத சோப்பும் போட்டுத் தட்டைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் உள்ள தட்டில் ஊற்றாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அது பெரிய ஆபத்து. நகம் பட்டுக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் தட்டு கழுவினாலும் நாறும். அப்படியானால் தட்டையே மாற்ற வேண்டியதுதான்.

கதவோரத்தையும் கவனிக்க வேண்டும். சாதாரணமாகத் துடைத்தால் நமக்குப் போய்விட்ட வாடை குட்டிக்கு அங்கேயே இருக்கும். நொதி கலந்த துப்புரவுத் திரவத்தைப் போட்டு, அது ஊறுவதற்கு நேரம் கொடுங்கள். சில நாள் அங்கேயே ஒரு தட்டையும் வையுங்கள். அதில் போகப் பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம்.

இரண்டு குட்டிக்கு மூன்று தட்டு என்பது கணக்கு: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட. குட்டி ஏறி இறங்க வசதியாக விளிம்பு ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்துக்குமேல் வேண்டாம். லிட்டர் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருந்தால் போதும். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடிபோட்ட தட்டு வாடையை உள்ளேயே தேக்கி வைக்கும். வெளியே இருக்கும் நமக்கு நிம்மதி, உள்ளே நுழையும் குட்டிக்கு மூச்சுமுட்டல். திறந்த தட்டே நல்லது.

இவ்வளவும் செய்து, மலம் மட்டும் வீடே தாங்காதபடி நாறினால் லிட்டரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கோளாறு வயிற்றில் இருக்கிறது. பசும்பால் கொடுக்கிறீர்களா? நிறுத்திவிடுங்கள், பல பூனைகளுக்கு அது செரிப்பதில்லை. தீவனத்தைத் திடீரென மாற்றியிருந்தாலும் இப்படி ஆகும். இரண்டும் இல்லையென்றால் குடற்புழுவோ, ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஒட்டுண்ணியோ இருக்கலாம். கொஞ்சம் புதிய மலத்தை ஒரு டப்பாவில் எடுத்துப்போய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். லிட்டரில் குறை தேடி மாதக்கணக்காக அலைந்தவர்களின் குட்டிகளுக்கு ஒரு வார மருந்தில் சரியானதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்கு மாதம் ஆகி, குட்டிகள் எதையும் வாயில் வைப்பதை விட்டுவிட்டால், கட்டியாகும் லிட்டருக்கு மாறலாம். மணம் சேர்க்காத, தூசி குறைந்த வகையைப் பாருங்கள். கரித்தூள் சேர்த்தது வாடையைக் கூடுதலாகப் பிடிக்கும். நாலில் ஒரு பங்கு கலந்து தொடங்கி, பத்து நாளில் முழுவதும் மாற்றுங்கள். ஒரு தட்டில் மட்டும் பழையதையே வைத்திருந்தால் எது பிடிக்கிறது என்று குட்டிகளே காட்டிவிடும். ஆண் குட்டி என்றால் அந்த வயதிலேயே கருத்தடை பற்றியும் பேசிவிடுங்கள். ஆண் பூனைச் சிறுநீருக்கே உரிய அந்தக் கடும் நெடி ஃபெலினின் என்ற பொருளால் வருவது. கருத்தடை செய்தால் அது வெகுவாகக் குறையும்.

லிட்டரைக் கொட்டும்போதும் அள்ளும்போதும் மகன் வேறு அறையில் இருக்கட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். உயரத்திலிருந்து கொட்டாமல் பையின் வாயைத் தட்டோடு ஒட்டிச் சாய்த்தால் தூசி அவ்வளவாக எழும்பாது. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் தட்டுச் சுத்தம் செய்வதை வேறொருவர் ஏற்பது நல்லது. பூனை மலத்தில், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருந்தால் அவை தொற்றும் நிலையை எட்டக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளிவிடுவதில் அந்தப் பயனும் இருக்கிறது. அள்ளியதைக் கழிவறையில் கொட்டாமல், பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.