தாத்தா எப்படி 500 ரூபாய் கொடுத்தார்?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் வகுப்பறை கட்டித் தர அவள் பள்ளியில் நிதி திரட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கார்டு, 3,000 ரூபாய் இலக்கு. மூன்று வாரம் வீடு வீடாக அலைந்து 1,140 ரூபாய் சேர்த்தாள். கடைசி நாள் வந்துவிட்டதால் மீதியை நாங்களே போட்டு, சொந்தக்காரர்கள் பெயர்களை இரண்டு மூன்று பேனாவில் கார்டில் எழுதிக் கொடுத்தேன். புண்ணியமாகட்டும் என்று காலமான என் அப்பா பெயரிலும் 500 எழுதினேன். பிரேயரில் அவளுக்கு மெடல் போட்டார்கள். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. மெடலையும் பீரோவுக்குள் போட்டுவிட்டாள். அந்த நாட்டுப் பிள்ளைகள் மரத்தடியில் படிக்கும் வீடியோவைக் காட்டினார்களாம், அதில் மனசு பாதித்துவிட்டதோ? "நம்ம ஊர்லயே ஆயிரம் கஷ்டம், ஆப்பிரிக்காவுக்கு எதுக்கு?" என்கிறார் மாமியார். இனிமேல் இந்த மாதிரி வசூலில் அவளைச் சேர்க்க வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிடலாமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வீடியோவை விடுங்கள். அந்தப் பேனாக்களைப் பற்றிப் பேசுவோம்.

எல்லாப் பெயரையும் ஒரே பேனாவில் எழுதினால் டீச்சருக்குத் தெரிந்துவிடும் என்று யோசித்திருக்கிறீர்கள். ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. கடிதத்தில் அதை ஒரு வரியில் எழுதிவிட்டு மெடலுக்குத் தாவிவிட்டீர்கள். உங்கள் மகளால் அப்படித் தாவ முடியவில்லை. அம்மா நீலப் பேனாவை வைத்துவிட்டுக் கறுப்புப் பேனாவை எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். கொள்ளிவைத்து வழியனுப்பிய தாத்தா 500 ரூபாய் கொடுத்ததாக எழுதிய கார்டைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அப்புறம் எல்லோர் முன்னாலும் அதற்கு மெடல் வேறு. பதிமூன்று வயசுப் பெண் வேறு எப்படி இருப்பாள்? அவள் பேசாமல் இருப்பது உங்கள் மேல் உள்ள மரியாதையால். வாயைத் திறந்தால் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அப்பா பெயரில் கொடுப்பது நல்ல விஷயம்தான். "அப்பாவின் நினைவாக" என்று போட்டு உங்கள் பெயரையும் எழுதியிருந்தால் அது தர்மம். அந்த ஒரு சொல்லை விட்டதில் பொய்க்கணக்காகிவிட்டது. தர்மக் கணக்கில் செத்தவர் கையெழுத்தைப் போடுகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்தால் நாம் என்ன சொல்வோம்?

நான் படித்த காலத்தில் டிசம்பர் 7 வந்தால் கொடி நாள் கொடிகளைக் கையில் கொடுத்து விற்றுவரச் சொல்வார்கள். ஒரு வருஷம் ஏழு கொடி விற்கவில்லை. ஏழும் சேர்த்து ஒரு ரூபாய்கூட ஆகாது. அப்பா வாங்கிவிடுவார் என்று அவர் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தனக்கென்று ஒன்றை வாங்கிக் குத்திக்கொண்டு, "மிச்சம் ஆறையும் எண்ணித் திருப்பிக் கொடு" என்றார். வகுப்பில் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. அப்பாமேல் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அந்தக் கோபம் போய்விட்டது. உங்கள் மகளின் கோபம் தானாகப் போகிற ரகம் இல்லை.

பள்ளியையும் சும்மா விடுவதற்கில்லை. 3,000 என்று இலக்கு வைத்து, எட்டியவர்களுக்கு மட்டும் மெடல் என்றால் எந்தப் பிள்ளை வசூலித்தது, எந்த அப்பாவுக்குச் சம்பளம் அதிகம் என்று எப்படிப் பிரிப்பார்கள்? 1,140 ரூபாய் சேர்க்க அவள் எத்தனை வீட்டுப் படி ஏறியிருப்பாள்! மெடல் அதற்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

மாமியாரிடம் ஒன்று கேளுங்கள். 1960களில் இங்கே பள்ளிக்குப் போனவர் என்றால், மஞ்சள் நிறத்தில் ஒரு உப்புமாவும் பால்பவுடரைக் கரைத்த பாலும் ஞாபகம் இருக்கிறதா என்று. கேர் என்ற அமைப்பின் மூலம் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அதற்கு முன்னால், 1956ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது அரிசியும் காசும் கொடுத்தது நம் ஊர்க்காரர்கள். ஊர்க்காரன் கொடுத்ததும் முகம் தெரியாதவன் கொடுத்ததும் சேர்ந்துதான் ஒரு தலைமுறை பசியாறிப் படித்தது. நம் ஊர்க் கஷ்டத்தைப் பார்க்க வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுக்கட்டும், நானும் பங்கு போடுகிறேன். பெரும்பாலும் "இங்கேயே கஷ்டம்" என்பவர்கள் இங்கேயும் கொடுப்பதில்லை என்பது என் அனுபவம். உங்கள் மாமியார் விதிவிலக்காக இருந்தால் மன்னிக்கட்டும்.

அந்த மரத்தடியைப் பார்த்து உங்கள் மகள் பரிதாபப்பட மட்டும் வேண்டாம். மலாவியில் 1994ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை உடனே 30 லட்சத்தை நெருங்கியது. கட்டணம் போனது என்று கேள்விப்பட்டதும் அத்தனை அம்மாக்கள் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். அந்த வேகத்துக்கு வகுப்பறையும் வாத்தியாரும் வரவில்லை. பிள்ளை படித்துவிட வேண்டும் என்று ஒரு நாட்டுக்கே இருந்த அவசரம்தான் அந்த மரத்தடி. இதை அவளுக்குச் சொல்லுங்கள், அடுத்த முறை கார்டோடு போகும்போது நாலு பேருக்கு அவள் சொல்வாள். போகட்டும். தடுக்காதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். மகளை அனுப்பிச் சொல்ல வைக்காதீர்கள், எழுதியவர் நீங்கள். "இவள் சேர்த்தது 1,140. மீதி 1,860 நானும் என் வீட்டுக்காரரும் போட்டது. மற்ற பெயர்களை அடித்துவிட்டு எங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், 500 மட்டும் அப்பாவின் நினைவாக" என்று சொல்லுங்கள். மெடலைத் திருப்பிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்பதை அவளிடம் விடுங்கள். டீச்சர் "பரவாயில்லம்மா, எல்லாரும் இப்படித்தானே பண்றாங்க" என்று சிரிக்கக்கூடும். அப்போதும் திருத்தி எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை நில்லுங்கள். மகளும் பக்கத்தில் நிற்கட்டும்.