அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வருமா?

கேள்வி: வயதுக்கு வந்ததிலிருந்தே எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்ததில்லை. 22 வயது மகளுக்கு இப்போது பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்கிறார்கள். வைட்டமின் டி 14 தான் இருக்கிறதாம்; வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "எல்லாம் உன்னால்தான்" என்று என்மேல் எரிந்து விழுகிறாள். வைட்டமின் ஏறினால் குணமாகிவிடுமா? சின்னவளுக்கு 13 வயது; போன வருடம்தான் பெரியவளானாள். அவளுக்கும் ஸ்கேன் எடுத்துவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவள் மரபணுவில் பாதி அப்பாவுடையது என்று மகளிடம் சொல்லுங்கள். தந்தை வழியாகவும் இது வரலாம். ஆண்களுக்குச் சினைப்பை இல்லாததால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது உண்மை. நெதர்லாந்தில் இரட்டைச் சகோதரிகளை வைத்துச் செய்து 2006-ல் வெளியான ஆய்வு அதைச் சுமார் 70 சதவீதம் என்று கணித்தது. ஆனால் குற்றவாளி ஒரே மரபணு அல்ல. ஆண் ஹார்மோன் சுரப்பு, இன்சுலின், கருமுட்டை வளர்ச்சி என்று பல இடங்களில் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கைவைக்கின்றன. அதனால் மரபணுப் பரிசோதனைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

வைட்டமின் டி வேறு கதை. 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 14-ஐ ஏற்றத்தான் வேண்டும், எலும்புக்காகவாவது. இது கொழுப்பில் கரையும் வைட்டமின். உடல் எடை கூடியவர்களுக்கு அது கொழுப்புத் திசுவில் போய்த் தங்கிவிடுவதால் ரத்தத்தில் குறைவாகக் காட்டும். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு எடையும் கூடுதல் என்பதால், எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். குறைபாட்டைச் சரிசெய்தபின் இன்சுலின் செயல்பாடு ஓரளவு மேம்பட்டதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மாதவிலக்கு அதனாலேயே ஒழுங்காகிவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

சீட்டை இன்னொரு தடவை படியுங்கள். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாக விழுங்கிவிட்டு, தீராத தாகமும் வாந்தியும் மலச்சிக்கலுமாக வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் கால்சியம் எகிறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். மூன்று மாதம் கழித்து அளவைப் பாருங்கள். ஏறியிருந்தால், அடுத்து எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டரே சொல்லட்டும்.

எனக்கு அந்த 14-ஐவிட, மகளுக்கு வருடத்தில் எத்தனை முறை மாதவிலக்கு வருகிறது என்பதுதான் முக்கியம். மூன்று மாதம் வராமலே போனால் கர்ப்பப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அதற்கு மாத்திரை வேண்டியிருக்கும். சர்க்கரை, தைராய்டு, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் எல்லாம் பார்த்தார்களா? நீங்கள் எழுதவில்லை.

சின்னவளுக்கு ஸ்கேன் வேண்டாம். இந்த வயதில் நல்ல சினைப்பையிலும் நிறையக் கருமுட்டைப் பைகள் தெரியும். பெரியவளாகி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை பிசிஓஎஸ்ஸை ஸ்கேன் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதே இன்றைய வழிகாட்டுதல். தேதியை மட்டும் குறித்து வையுங்கள். இனி 45 நாளைத் தாண்டியே வந்துகொண்டிருந்தால், அல்லது ஒரு முறையாவது 90 நாள் தள்ளிப்போனால், முகத்தில் ரோமம் கருத்து வளர்ந்தால், அப்போது கூட்டிப்போங்கள்.