குர்குமினை நானோ துகளில் ஏற்றிக் கொடுத்தால் புற்றுநோய் குணமாகுமா?

மஞ்சள்கிழங்கில் இருக்கும் இதே குர்குமினோடு ஆய்வகத்தில் மூன்று வருடம் மாரடித்தவள் நான், அதனால் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, கையில் 'நானோ குர்குமின்' குப்பி ஒன்று இருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. விழுங்கினாலும் குடலும் கல்லீரலும் சீக்கிரமே அதை வேறொன்றாக மாற்றி வெளியே தள்ளிவிடும், ரத்தத்தில் சேர்வது சொற்பம். அதனால்தான் கண்ணுக்கே தெரியாத நானோ துகளுக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். பிஎல்ஜிஏ என்ற பாலிமரையும் குர்குமினையும் அசிட்டோனில் கரைத்து, சுழலும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் மஞ்சள் பால் மாதிரி வரும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க, சோப்பு மாதிரி ஒன்றும் சேர்ப்போம்.

தட்டில் வளர்த்த செல்களை இந்தத் துகள் கொல்கிறதா என்று பார்க்க எம்டிடி என்றொரு நிறச் சோதனை உண்டு, அதில் உயிரோடிருக்கும் செல்கள்தான் ஊதாவாகும். தட்டில் என் துகளைப் போட்ட குழி வரிசை முழுக்க வெளிறிக் கிடந்தது. செல்கள் காலி! எல்லோரும் கை கொடுத்தார்கள். அப்புறம்தான் பக்கத்து வரிசையைப் பார்த்தேன். குர்குமினே இல்லாத வெறும் துகள் போட்ட வரிசை அது. அதுவும் வெளிறித்தான் இருந்தது. செல்களைக் கொன்றது நான் சரியாகக் கழுவாமல் விட்ட அந்தச் சோப்பு. சென்ட்ரிஃபியூஜ் என்ற, வேகமாகச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் கருவியில் போட்டு மூன்று முறை கழுவிப் போட்டதும் வெறும் துகள் வரிசை பளிச்சென்று ஊதாவானது. குர்குமின் வரிசையிலும் பாதிக்கு மேல் ஊதா.

அந்தச் சென்ட்ரிஃபியூஜ் கிடைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. பதிவு நோட்டில் என் பெயரை அடித்துவிட்டு சீனியர் ஒருவர் தன் பெயரை எழுதிக்கொள்வார். கேட்டால் 'அவசரம்' என்பார். ராத்திரி பதினோரு மணிக்குப் போய்த் திறந்தால், அவருடைய குழாய்கள் இரண்டு நாளாக உள்ளேயே கிடக்கும். கட்டுரை வந்தபோது அவர் இரண்டாவது பெயர், நான் மூன்றாவது. சரி, விடுங்கள்.

நானோவே ஏமாற்று என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கிய மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் பாக்ளிடாக்சல் 1992இலேயே அனுமதி பெற்ற மருந்து. அதைக் கரைக்கச் சேர்த்த திரவம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தந்தது, துகளாக்கியதால் அந்தத் திரவம் தேவைப்படவில்லை. குர்குமின் அப்படி மனிதர்களிடம் புற்றுநோய் மருந்தாக நிரூபிக்கப்படவே இல்லை. தட்டில் செல் சாவதையும் உடம்பில் கட்டி கரைவதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். விலங்குச் சோதனைகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஊசியில் ஏற்றிய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அந்தக் குப்பியைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள், கீமோ நடக்கிறதென்றால் கட்டாயம் காட்டுங்கள். உறிஞ்சலைக் கூட்டித் தயாரித்த மஞ்சள்கிழங்கு மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதித்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. விற்பவரிடம், வெறும் துகளை மட்டும் வைத்துச் சோதித்தீர்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது ஒருவர் தள்ளுபடி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.