லண்டன் தினப்படியை மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, வயது 34. ஜூன் மாதம் ஆபீஸ் வேலையாக லண்டன் போகிறேன், முதல் வெளிநாட்டுப் பயணம். ஞாயிறு இறங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 6 வரை மீட்டிங், வெள்ளி ராத்திரியே திரும்ப ஃபிளைட். டிக்கெட், ஹோட்டல், காலைச் சாப்பாடு கம்பெனி செலவு. அது போக ஆறு நாளுக்கு நாளொன்றுக்கு 50 பவுண்டு தினப்படி. வீட்டிலிருந்து புளிக்காய்ச்சலும் ரெடிமிக்ஸும் எடுத்துப்போய்ச் சமாளித்தால் 30,000 ரூபாய் மிச்சமாகும், மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு (வருஷத்துக்கு 1,80,000) ஆகும். ஆனால் ஊரையும் பார்க்காமல், நல்லதாக ஒரு வேளை சாப்பிடாமல் திரும்பவும் மனசில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் என் கதை. என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் நானும் இதே கணக்குதான் போட்டேன். ஹோட்டல் ரூம் கெட்டிலில் ரவா உப்புமா கிண்டினேன், அது அடிப்பிடித்தது, கிளம்பும்போது பில்லில் கெட்டிலுக்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரம் மிச்சம் பிடித்ததில் பாதி அதற்கே போனது.

சரி, உங்கள் 30,000-க்கு வருவோம். அது முழுசாக 30,000 இல்லை. வெளியூர் வேலைக்காகத் தரும் தினப்படிக்கு, உண்மையில் செலவான அளவுக்குத்தான் வரிவிலக்கு. கம்பெனி பில் கேட்காவிட்டாலும் கையில் நின்றது வருமானம்தான். நீங்கள் 30 சதவீத வருமான வரி வரம்பில் இருந்தால், வரி மேல் போடும் செஸ்ஸோடு சேர்த்து 31.2 சதவீதம் போக, மிஞ்சுவது சுமார் 20,600. ஆறு நாள் பட்டினிக்கு அவ்வளவுதான். ஃபீஸோ வருஷா வருஷம் வரும் செலவு, லண்டன் வருஷா வருஷம் வராது. இப்போதே மாதம் 15,000 போட்டு பேங்க்கில் ஒரு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) ஆரம்பியுங்கள், ஃபீஸை அது பார்த்துக்கொள்ளும். தினப்படி சாப்பிடக் கொடுத்த பணம், சாப்பிடுங்கள்.

நான் உங்களைச் செலவு செய்யச் சொல்வது வேறொன்றுக்கு. வெள்ளி ராத்திரி ஃபிளைட்டை சனி ராத்திரிக்கு மாற்ற முடியுமா என்று டிராவல் டெஸ்க்கில் கேளுங்கள், டிக்கெட் போடும் முன்பே, ஏனென்றால் பல சமயம் கட்டண வித்தியாசம் இருக்காது, போட்ட பிறகு மாற்றினால்தான் தண்டம். போகவர டிக்கெட் ஏற்கெனவே கம்பெனி கணக்கு, அதனால் ஒரு முழு நாள் லண்டன் உங்களுக்கு ஒரு இரவு வாடகைக்குக் கிடைக்கிறது. சாதாரண அறை 150 பவுண்டுக்குள் பாருங்கள். பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் 18,000. இதற்கு மேல் கைக்காசு போட வேண்டாம். கம்பெனி எடுக்கும் பயணக் காப்பீடு சனிக்கிழமையையும் சேர்க்கிறதா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா பிரச்சினை இல்லை, வழக்கமான விசிட்டர் விசாவில் மீட்டிங்கும் போகலாம், ஊரும் சுற்றலாம்.

அப்புறம் நேரம். ஜூனில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். நமக்குக் காலை ஏழரை என்றால் அங்கே விடியற்காலை மூன்று, அதனால் முதல் இரண்டு மூன்று நாள் அகால நேரத்தில் முழிப்பு வரும். படுக்கையில் புரளாதீர்கள், ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். வெஸ்ட்மின்ஸ்டர் பாலம், தேம்ஸ் கரை, செயின்ட் பால்ஸ் தேவாலய வாசல் எல்லாம் கூட்டமில்லாமல், காசில்லாமல் பார்த்துவிட்டு ஒன்பது மணி மீட்டிங்குக்கு வந்துவிடலாம். ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் உடம்புக்கு மணி பன்னிரண்டரை, சாப்பாட்டுத் தட்டிலேயே தூங்கி விழுவீர்கள், ஆகவே ஆறரைக்கே சாப்பிட உட்காருங்கள். நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்காக நல்ல ரெஸ்டாரண்டுகள் பல அந்த நேரத்தில் இரண்டு மூன்று அயிட்டம் கொண்ட செட் மெனு குறைந்த விலைக்குத் தருகின்றன. அதற்கு மூன்று நாள் தினப்படியை முழுசாகவே செலவழியுங்கள். மற்ற மூன்று நாள் சூப்பர்மார்க்கெட் சாண்ட்விச், எளிமையான இரவுச் சாப்பாடு என்று 25 பவுண்டில் முடித்தால் 75 பவுண்டு நிற்கும், சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் அது போதும்.

வெள்ளிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியம் இரவு எட்டரை வரை திறந்திருக்கும், நுழைவு இலவசம், நம் சோழர் காலத்து நடராஜர் அங்கே இருக்கிறார். சனி காலை பரோ மார்க்கெட் என்ற உணவுச் சந்தை, நண்பகல் கூட்டம் சேர்வதற்கு முன்னால். தோசைக்காக, நம்மூர் ஹோட்டல்கள் உள்ள ஈஸ்ட் ஹாம் வரை போகாதீர்கள், அதற்கு ஜெயநகர் போதும்!

பணம் கசியும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கடையில் மெஷின் ‘ரூபாயிலா, பவுண்டிலா’ என்று கேட்டால் எப்போதும் பவுண்டு; ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான். இங்கே பவுண்டு ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், பல கிரெடிட் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை மார்க்கப்பும் (வெளிநாட்டுப் பணத்துக்கான கூடுதல் கட்டணம்) அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே கார்டையே தட்டுங்கள், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறது, நடுவில் மொபைலைத் தட்டினால் அது வேறு கணக்காகிவிடும். ரெஸ்டாரண்ட் பில்லில் 12.5 சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டாம். தண்ணீர் கேட்கும்போது குழாய்த் தண்ணீர் என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் வந்து நிற்கும். டூரிஸ்ட்டுக்கு வரி திரும்பக் கிடைக்கும் என்று ஆபீஸில் யாராவது சொல்வார்கள். பிரிட்டனில் அது 2021 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, ஷாப்பிங்கை மறந்துவிடுங்கள்.

புளிக்காய்ச்சல் ஒரு சின்ன பாட்டில் எடுத்துப்போங்கள், தப்பில்லை. நெய்யும் பால்கோவாவும் மட்டும் வேண்டாம், பால் பொருட்களை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள்.