எதில் வேகவைத்தார்கள் என்று கேளுங்கள், அம்மா

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் ஆறு மாதம் சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் தங்கியிருக்கிறோம். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. வாரக் கடைசியில் மாப்பிள்ளை ஆசையாக வெளியே கூட்டிப் போகிறார். போன இடத்திலெல்லாம் எனக்குக் கிடைப்பது பிரெஞ்சு ஃப்ரையும் சாலடும்தான். ‘பசிக்கலை’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிடுகிறேன். புறநகரில் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது, என்ன கேட்டுச் சாப்பிடுவது?

பதில்: அம்மா, முதலில் ‘பசிக்கலை’ என்று சொல்வதை நிறுத்துங்கள். என் அம்மா இங்கே வந்திருந்தபோது அவரும் இதையேதான் சொன்னார். உணவகச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அதன் அர்த்தம் புரிய மூன்று மாதம் ஆனது. உங்கள் மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்காது. சொன்னால் நிச்சயம் வேறு இடம் தேடுவார்.

நம் ஊரில் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் நம்பி வாங்கிவிடுகிறோம். முட்டை சேர்ந்திருந்தால் அந்தப் பச்சைப் புள்ளி வராது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயக் குறி எதுவும் கிடையாது. ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லுக்கு அரசு வகுத்த விதியும் இல்லை. பேச்சு வழக்கில் முட்டையும் அதில் அடக்கம். ஆகவே மெனுவில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள்.

ஏன் என்பதற்கு நான் தினமும் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மெக்சிகன் உணவகத்தில் சில காலம் வேலை பார்த்தேன். காலை பத்து மணிக்கு அரிசியை எண்ணெயில் பொன்னிறமாக வறுப்பார்கள். தக்காளி அரைத்து ஊற்றி, தண்ணீர் கொதி வந்ததும் சமையல்காரர் ஒரு டப்பாவைத் திறந்து மஞ்சள் விழுது இரண்டு கரண்டி போடுவார். கோழி வேகவைத்த சாற்றைச் சுண்டவைத்த விழுது அது. கரைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. நல்ல தக்காளி சாதம் மாதிரியே இருக்கும். பரிமாறும் பெண் உள்ளே வந்து “ரைஸ் வெஜிடேரியனா?” என்று கேட்டால், “ஆமாம், அதில் கறி இல்லை” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கறி என்றால் அவருக்குத் துண்டு, அவ்வளவுதான்.

அதனால்தான் ‘இது சைவமா?’ என்று கேட்கவே வேண்டாம் என்கிறேன். எதில் வேகவைத்தீர்கள், எதில் பொரித்தீர்கள், சாஸில் என்ன இருக்கிறது? இந்த மூன்றையும் கேளுங்கள். கவுச்சி ஒளிந்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில்தான்.

மெக்சிகன் கடையில் சாதத்தில் கோழிச்சாறு, மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். அந்தக் கொழுப்புக்கு அங்கே ‘மன்டேகா’ என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். தாய்லாந்துச் சாப்பாட்டில் மீன் சாஸ் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் விழும். குழம்புக்கான விழுதிலேயே இறாலை அரைத்துச் சேர்த்திருப்பார்கள், அதை எடுத்துவிட்டுத் தர முடியாது. சீனக் கடையில் வெறும் கீரை வதக்கலில்கூட சிப்பி சாஸ் இருக்கலாம். ஜப்பானிய மிசோ சூப்புக்கு அடிப்படையே பெரும்பாலும் உலர்ந்த மீன் சாறு. இத்தாலியக் கடையில் கடையிலேயே பிசைந்த பாஸ்தா என்றால் முட்டை இருக்கும், காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக இருக்காது. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மாதிரி ஒரு சின்ன மீன் சேரும். மயோனைஸ் என்றால் முட்டை.

சீஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைத்தான் முன்பு பயன்படுத்தினார்கள். நுண்ணுயிரிகளைக் கொண்டு அதே நொதியைத் தயாரிக்க 1990-இல் இங்கே அனுமதி கிடைத்தது. இன்று அமெரிக்காவில் செய்யும் பெரும்பாலான சீஸ் அப்படித்தான் வருகிறது. ஆனால் இத்தாலியிலிருந்து வரும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பார்மசான் சீஸில் கன்றின் ரென்னெட்தான், அவர்கள் விதியே அது. பீட்சா சாப்பிடுங்கள். மேலே தூவும் பார்மசானை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதுவரை நீங்கள் சாப்பிட்ட பிரெஞ்சு ஃப்ரை பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. வருத்தப்படாதீர்கள், தெரியாமல் நடந்தது. மெக்டொனால்ட்ஸ் 1990-இல் மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. ஆனால் சுவைக்காக மாட்டிறைச்சிச் சாரம் சேர்ந்துகொண்டிருந்தது. இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குத் தொடுத்து, 2002-இல் 1 கோடி டாலர் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இன்றும் அமெரிக்கக் கிளைகளின் ஃப்ரையில் அந்தச் சாரம் உண்டு. வேறு பல கடைகளில் உருளைக்கிழங்கில் ஒன்றும் இல்லை, ஆனால் கோழி பொரித்த அதே எண்ணெயில்தான் அதையும் போடுகிறார்கள். ‘ஃப்ரையர் (பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி) தனியா?’ என்று கேளுங்கள், மறைக்க மாட்டார்கள்.

அவசரத்துக்கு ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடைதான் கிடைத்தது என்றால் டாகோ பெல்லுக்குப் போங்கள். அவர்கள் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு கிடையாது. 2015 முதல் அமெரிக்க சைவ உணவோர் சங்கத்தின் சான்றும் பல பண்டங்களுக்கு இருக்கிறது. சிபோட்லேயில் பின்ட்டோ பீன்ஸில் முன்பு பன்றி இறைச்சி சேர்த்தார்கள், 2013-இல் விட்டுவிட்டார்கள். பர்கர் கிங்கின் இறைச்சி இல்லாத பர்கர், கறி வாட்டும் அதே அடுப்பில்தான் வாட்டப்படுகிறது. தனியாகச் சூடாக்கச் சொன்னால் செய்து தருவார்கள். மயோனைஸ் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் குடும்பத்தோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட இதெல்லாம் போதாது. என் அனுபவத்தில், நமக்காக ஒரு பண்டத்தை மாற்றித் தரும் கடையைவிட, தன் ஊர் வழக்கத்திலேயே சைவம் இருக்கும் கடைதான் திருப்தியாக இருக்கும். எத்தியோப்பியச் சாப்பாடு அப்படி. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி விரதம் இருப்பார்கள். அன்று இறைச்சி, முட்டை, பால் எதுவும் கூடாது. அதனால் விரதச் சாப்பாடு என்று தனி வரிசையே அவர்கள் சமையலில் உண்டு. என் அம்மாவை ஒருமுறை கூட்டிப் போனேன். பெரிய தட்டு நிறைய இன்ஜெரா, டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்டது. அதன் மேல் மிளகாய்ப்பொடி போட்ட மைசூர் பருப்பு, மஞ்சள் பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. அம்மா ஓரத்தைப் பிய்த்து முகர்ந்து பார்த்தார். “புளிச்ச மாவு தோசை வாசனைடா” என்றார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. இந்தக் கடைகள் அதிகம் இருப்பது சிகாகோ நகரின் வடபகுதியில், எட்ஜ்வாட்டர் பக்கம். உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம் ஆகும். இருந்தாலும் ஒருமுறை போய் வாருங்கள்.

அதைவிடப் பக்கத்தில் வேண்டும் என்றால் அரபுக் கடைகள். பிரிட்ஜ்வியூ ஊரில் பாலஸ்தீனக் குடும்பங்கள் நிறைய, உணவகங்களும் நிறைய. ஹம்மஸ், சுட்ட கத்தரிக்காய் மசியல், பருப்பும் அரிசியும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த முஜத்தரா எல்லாம் நம் நாக்குக்கு அந்நியமே இல்லை. பருப்பு சூப் மட்டும் கோழிச்சாறில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடை என்றால் கேட்கவே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க் பக்கம் தோசை கிடைக்கும் பல இடங்களில் அசைவமும் உண்டு. கீமா தோசை வார்த்த கல்லைத் துடைத்துவிட்டு அதே கல்லில் உங்கள் வெங்காய தோசையும் வரலாம். ‘தோசைக்கல் தனியா?’ என்று தமிழிலோ தெலுங்கிலோ கேட்டாலே பதில் கிடைக்கும். சில வட இந்தியக் கடைகளில் ‘நான்’ ரொட்டி மாவில் முட்டை சேர்ப்பார்கள், பக்கோடாவும் சிக்கன் பக்கோடாவும் ஒரே எண்ணெயில் வேகும்.

கூகுள் மேப்பில் ‘வெஜிடேரியன்’ என்று தேடினால் சாலட் கடைகள்தான் வரிசையாக வரும். ஒவ்வொரு கடையின் விமர்சனங்களுக்குள்ளும் ‘ஜெயின்’ என்று தேடச் சொல்லுங்கள். ஜெயின் குடும்பங்கள் திருப்தியாக எழுதியிருக்கும் கடையில் முட்டை, கவுச்சி பற்றிக் கவலை குறைவு. குஜராத்திகள் அதிகம் வாழும் பகுதிகளில் இது நன்றாகப் பலன் தரும். பார்ட்லெட்டில் ஜெயின் கோயிலும் சுவாமிநாராயண் மந்திரும் இருக்கின்றன. மந்திரின் ஷயோனா உணவகத்தில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. ஹேப்பிகவ் என்ற செயலி முழுச் சைவக் கடையையும் சைவமும் கிடைக்கும் கடையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். அதையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் பயணத்துக்கு நான் சொல்வது அரோரா பாலாஜி கோயில், அடுத்த வாரம் லெமான்ட் ராமர் கோயில். இரண்டும் அரை மணி நேரத்துக்குள்தான். வாரக் கடைசியில் கேன்டீன் உண்டு. இட்லி, தோசை, புளியோதரை என்று எதையும் யாரிடமும் கேட்காமல் நிம்மதியாகச் சாப்பிடலாம். உங்கள் கணவருக்கும் பேச நாலு பேர் கிடைப்பார்கள்.

மற்ற கடைகளுக்குப் போகும்முன் மாப்பிள்ளையை மத்தியானம் மூன்று மணிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மதியக் கூட்டம் முடிந்து இரவுக் கூட்டம் தொடங்காத நேரம் அது. சமையல்காரரே பேச வருவார், பொறுமையாகப் பதில் சொல்வார். வெள்ளி இரவு ஏழு மணிக்கு மேஜையில் உட்கார்ந்துகொண்டு கேட்டால், பரிமாறுகிறவர் உள்ளே போகாமலே தலையாட்டிவிடுவார். சிலர் சொல்லித் தருவதுபோல ‘அலர்ஜி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் சமையலறையே நின்று பாத்திரம், கையுறை எல்லாம் மாற்றும். உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான ஒருவருக்காக வைத்திருக்கும் ஏற்பாடு அது. “மத வழக்கம், கறி, மீன், முட்டை, சிக்கன் ப்ராத் எதுவும் கூடாது, புது வாணலியில் செய்து தர முடியுமா?” என்றே கேட்கட்டும். நான் வேலை பார்த்த சமையலறைகளில் இதைக் கேட்டு முகம் சுளித்தவர்களை நான் பார்த்ததில்லை. முடியாது என்றால் முடியாது என்று போனிலேயே சொல்லிவிடுவார்கள். அடுத்த கடைக்குப் போன் போட அப்போதும் நேரம் இருக்கும்.